எங்கை வைச்சுக் கழட்டுறது?

உரும்பிராய்ப் பக்கம் ஓர் ஒழுங்கை. வெங்காயம் கிண்டுகிற காலம். தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையில் ஒரு நாளைக்கு நாலைந்து நடை ஓடவேண்டிய எல்ஃப் லொறி ஒன்று, மதிலோரமாக இரண்டு நாளாய் நிற்கிறது. கியர் விழுகிறது, எஞ்சின் இரைகிறது, சில்லு மட்டும் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தி விசாரிக்கிறார்.

“என்னண்ணை, கிளச்சோ?”

“ஓம் தம்பி. பிளேற் முடிஞ்சுது. சாமான் கொழும்பாலை வந்திட்டுது. எங்கை வைச்சுக் கழட்டுறதெண்டுதான் யோசிக்கிறன்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்தைப் பற்றியது. அவருக்கு வேலை தெரியும். இருபது வருடமாக லொறி ஓட்டுகிறவர், இரண்டு முறை இதே கிளச்சைத் தன் கையாலேயே மாற்றியிருக்கிறார். கராஜில் விட்டால் ஒரு கிழமை வரிசை. வெங்காயம் ஒரு கிழமை காத்திருக்காது. சாமான் இருக்கிறது, சாவிப் பெட்டி இருக்கிறது, மனமும் இருக்கிறது. கியர்பொக்ஸை இறக்கி வைக்க ஒரு கெட்டியான நிலம், மேலே ஒரு நிழல், தூக்கிப் பிடிக்க ஓர் உத்திரம், கீழே தாங்க நாலு கை: இவைதான் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் இது யாழ்ப்பாணத்தில் ஒரு கேள்வியே அல்ல. இன்றைக்கு இதுவே முதல் கேள்வி.

குடாநாட்டில் தன் வாகனத்தைத் தானே திருத்த நினைக்கிறவன் முதலில் நிலத்தைப் பார்க்கவேண்டும். வலிகாமத்துச் செம்மண் வெயிலில் கட்டாந்தரையாய் நிற்கும், ஒரு மழை பெய்தால் குழம்பாகி ஜக்கை விழுங்கும். தென்மராட்சியிலும் வடமராட்சி கிழக்கிலும் மணல். அங்கே ஜக்கின் கீழ் அகலமான பலகை வைக்காமல் ஒரு சில்லைக்கூடத் தூக்க முடியாது. தீவுப் பகுதியில் உப்புக்காற்று. அங்கே சசியின் கீழ்ப்பக்கத்து முறுக்காணிகள் துருவேறி, சாவி போட்டால் தலை மட்டும் கையோடு வரும். அதற்கு முதல்நாள் இரவே மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஊறவிட வேண்டும். பொறுமையில்லாதவன் அடுத்த நாள் முழுவதையும் கடப்பாரையோடு கழிப்பான்.

குழி வெட்டலாம் என்றால் அதற்கும் இந்த மண் சும்மா விடாது. பல இடங்களில் சில அடி தோண்டினாலே சுண்ணாம்புக் கல் முட்டும். கல்லை உடைத்து ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி கட்டியவர்கள் அந்தக் காலத்தில் ஊரில் ஒருவரோ இருவரோதான். அப்படிக் கட்டிய குழிக்குள்ளும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை தண்ணீர் ஊறி நிற்கும். குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். கிணற்றில் தண்ணீர் எழும்பினால் குழியிலும் எழும்பும். ஆகவே “குழி வேலை”யை எல்லாம் மாரிக்கு முன்னமோ, தை பிறந்து தண்ணீர் இறங்கிய பிறகோ வைத்துக்கொள்வது வழக்கம். பயிருக்கு மட்டுமில்லை, லொறிக்கும் இங்கே காலபோகம் உண்டு.

அந்தக் குழி யாருடையதாக இருந்தாலும் ஊருக்குப் பொதுவாகவே இருந்தது. குழி ஒரு வீட்டில், செயின் புளொக் இன்னொரு வீட்டில். கடைசல் பட்டறை சந்தியடியில், காஸ் ஒட்டு அதற்கு அடுத்த கடையில். வில்லுப் பட்டை முறிந்தால் கம்மாலை. இவற்றை எல்லாம் ஒரு கூரையின் கீழ் வைத்திருந்தவர் மிகச் சிலர். மிச்சப்பேர் தங்களிடம் இல்லாததற்கு அடுத்த வேலிக்கு நடந்தார்கள். கூலி என்று ஒன்று பேசப்படுவதில்லை. பிறகொருநாள் அந்த வீட்டுக் கலியாணத்துக்குக் கதிரை ஏற்றிப்போக லொறி போகும். மதில் கட்டும்போது ஒரு லோட் கல்லு இறங்கும். கணக்கு அப்படியே தீரும். தீராமல் கொஞ்சம் மிஞ்சி நிற்பதும் நல்லதுதான்.

மரக்காலைகளைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். மரம் அரிகிற பெரிய கொட்டகை, பாரக்குற்றி தூக்குவதற்காகவே போட்ட உத்திரம், அதில் தொங்கும் கப்பி, கீழே இறுகிய நிலம். எஞ்சின் இறக்க இதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது. மரக்காலை முதலாளி முகம் சுளிக்காதவராக இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் வாள் ஓடாத நேரம் பார்த்து லொறிக்காரர் வந்துவிடுவார். கொட்டகை கிடைக்காதவர்கள் மாமரத்தின் தடித்த கொப்பை நம்பினார்கள். கொப்பையும் நம்பாதவர்கள் மூன்று பனைவரிச்சுகளைத் தலையில் கட்டி முக்காலி நிறுத்தினார்கள். வைரம் பாய்ந்த பனை வளையாது. ஒரு பெற்றோல் எஞ்சினைத் தாங்க மூன்று போதும்.

இந்தப் பழக்கத்தின் உச்சத்தை யுத்தகாலத்தில் பார்த்தோம். 1990 ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஏ9 வீதி மூடப்பட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல் போத்தல் கணக்கில் விலை பேசுகிற பொருளாகிவிட்டது. புது வாகனம் வர வழியே இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் கார் ஓடியது, மோட்டார் சைக்கிள் ஓடியது, லொறியும் ஓடியது. ஓடியதெல்லாம் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்.

அதை அந்தக் காலத்துச் சாகசக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பலர். அதற்குள் இருந்த அறிவைச் சொல்கிறவர்கள் குறைவு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் அதை விட்டால் துளியாகவே நிற்கும், பற்றாது. ஆனால் எஞ்சின் சூடேறிவிட்டால், அந்தச் சூட்டிலேயே ஆவியாகி எரியும். ஆகவே சில துளி பெற்றோலைச் சிரிஞ்சியில் எடுத்து கார்பரேற்றர் வாய்க்குள் அடித்து ஸ்ராட் பண்ணுவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவது. இங்கிலாந்தின் பழைய ஃபெர்கூசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் வகை எரிபொருள், நடுவில் ஒரு திருகுவாய். வயல் உழுதவர்களுக்குத் தெரிந்த அந்தச் சங்கதியை, யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது விசயம் அமுக்கம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற 1950களின் கார்களில் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் அமுக்கப்படுகிற விகிதம் கிட்டத்தட்ட ஏழுக்கு ஒன்று. அமுக்கம் குறைவாக இருந்ததால் அவை மண்ணெண்ணெயை ஓரளவு தாங்கின. அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முன்னமே வெடித்து பிஸ்ரனை உடைக்கும். பின்னாளில் வந்த ஜப்பான் கார்களின் அமுக்கம் கூட. மண்ணெண்ணெய் விட்டால் ‘டக் டக்’ என்று அடித்துக்கொள்ளும். சொந்தக்காரர்கள் பழையது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒஸ்ரின்கள் தடைக்காலத்தில் வீதிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். யுத்தம் முடிந்த பிறகும் யாழ் நகரத்தின் வாடகைக் கார்த் தரிப்பிடத்தில் ஏ40கள் நிற்பதைப் பார்த்த வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது அருங்காட்சி. எங்களுக்கு அது எங்கள் கைகளின் வேலை.

மண்ணெண்ணெய் ஓட்டத்துக்கு ஒரு விலை இருந்தது. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி இழுத்துப் பார்க்கவேண்டும். விரலில் தேய்த்து, மணந்து, பதம் கெட்டதா என்று அறியவேண்டும். டீசல் லொறிக்கு மண்ணெண்ணெய் விட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். டீசலில் இருக்கிற வழுவழுப்பு மண்ணெண்ணெயில் இல்லை. டீசலிலேயே நனைந்து ஓடுகிற இன்ஜெக்சன் பம்புக்கு அது கேடு, தேய்ந்துபோகும். புதுப் பம்புக்கு வழியில்லாத ஊரில் தேய்ந்ததையே கழட்டி, கழுவி, தட்டி, மறுபடி பூட்டவேண்டியிருந்தது. ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கும், அவர்களோடு நின்று சாவி எடுத்துக் கொடுத்த சொந்தக்காரர்களுக்கும் எஞ்சினின் உள்வயிறு பாடமானது அப்படித்தான்.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு யுத்தத்தால் வலிகாமம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இந்தப் பாடம் எவ்வளவு பெறுமதியானது என்று தெரிந்தது. இலட்சக்கணக்கான சனம் செம்மணி, நாவற்குழி வழியாக ஒரே பாதையில் போனது. லொறி, உழவு இயந்திரம், கார், சைக்கிள், நடை எல்லாம் அந்த ஒன்றில். ஒரு வாகனம் நின்றால் பின்னால் ஊரே நிற்கும். மழை வேறு. அந்த இருட்டில் வாகனத்தின் கீழே படுத்தவர்கள் யாரும் கராஜ் தேடவில்லை.

இந்தக் கைத்திறன் வானத்திலிருந்து விழுந்ததில்லை. யுத்தத்துக்கு முன் வடக்கில் ஆட்களைப் பயிற்றுவித்த பெரிய வேலைத்தலங்கள் இருந்தன. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் யுத்தத்தால் மூடப்பட்டது. அந்த நாற்பது வருடத்தில் அங்கே வேலை பழகியவர்கள் ஓய்வுபெற்றும், வேலையிழந்தும் ஊர்களில் பரவினார்கள். 1958இல் பஸ் சேவை அரசுடைமையாகிய பிறகு கோண்டாவில் சாலையின் பணிமனையும் அப்படி ஒரு பள்ளிக்கூடம். அவற்றுக்கும் முந்தியது தட்டிவான் காலம். பழைய சசியின் மேல் மரத்தால் உடல் கட்டி, பின்னால் சங்கிலியில் தொங்குகிற தட்டியில் மூட்டையும் ஆளுமாய் ஏற்றி, கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் ஓடிய வண்டி. அந்த உடலைக் கட்டியவர் தச்சர், பூண் அடித்தவர் கொல்லர், எஞ்சினைப் பார்த்தவர் சாரதியே. வாகனம் என்பது முழு ஊரும் கை வைத்த பொருளாக இருந்தது.

கொல்லருடைய பங்கு இன்றும் முடிந்துவிடவில்லை. லொறியின் வில்லுப் பட்டை முறிந்தால் புதுப் பட்டை வாங்கிப் பூட்டலாம், கழித்த பட்டை வீணாகாது. அந்த உருக்கு கம்மாலைக்குப் போய்க் கத்தியாகும், மண்வெட்டியாகும், சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தியாகும். பாரம் தாங்கிக் களைத்த இரும்பு பனைமரத்தில் ஏறும். எனக்கு இந்த ஒரு விசயத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

சாமான் வருகிற வழியும் ஒரு கதை. யாழ் நகரத்தில் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் கிடைக்காத உதிரிப்பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைதான். அங்கே ஜப்பானிலிருந்து கழட்டி வந்த பாவித்த சாமான் மலையாய்க் குவிந்திருக்கும். போனில் நம்பரைச் சொல்லி, படம் அனுப்பி, காசு போட்டால் இரவு பஸ்ஸில் பெட்டி ஏறும். 400 கிலோமீற்றர் தாண்டி விடியற்காலையில் யாழ் பஸ் நிலையத்தில் இறங்கும். 2020இல் வெளிநாட்டு நாணயம் வற்றி வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியபோது அந்தப் பெட்டிகளின் விலை ஏறியது. 2022இல் எரிபொருளே இல்லாமல் கியூவில் நாள்கணக்காக லொறிகள் நின்றன. ஆடி மாதம் கியூஆர் அட்டை வந்த பிறகுதான் ஓரளவு மூச்சு வந்தது. தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியது 2025 மாசியில்தான். ஆக, ஐந்து வருடம் நாடு முழுவதும் பழைய வாகனத்தை வைத்தே ஓடியது. தெற்கில் பலருக்கு அது புது அனுபவம். இங்கே அது நினைவு திரும்பிய மாதிரி.

ஆனால் இந்த முறை கையிருந்தது, இடம் இல்லை. வெளிநாட்டுக் காசில் மதில் எழும்பியிருக்கிறது. வேலி இருந்தபோது பொட்டுக்குள்ளால் போய் அண்ணையிடம் கேட்ட சங்கிலியை, இப்போது கேற்றில் மணி அடித்துக் கேட்கவேண்டும். குழி இருந்த முற்றம் கார்ப் போர்ச் ஆகிவிட்டது. மாமரத்தை வெட்டி நிலத்துக்குக் கல் பதித்துவிட்டார்கள். பதித்த கல்லில் ஒயில் சிந்தக்கூடாது. கராஜ்காரர்களும் பாவம், வாடகை இடத்தில் இருக்கிறார்கள். சொந்தக்காரர் வந்து தன் வாகனத்தைத் தானே கழட்டட்டும் என்று இடம் விட அவர்களுக்குக் கட்டாது. கடன் கட்டுகிற லொறிக்காரருக்கு கராஜ் வரிசையும் கட்டாது.

உரும்பிராய்க்காரருக்கு அன்றைக்குக் கடைசியில் கிடைத்தது மூடிக்கிடந்த ஒரு மில் கொட்டகை. மா அரைத்த காலத்தில் போட்ட கொங்கிரீற் தரை, மேலே இரும்பு உத்திரம். சொந்தக்காரர் கனடாவில். போனில் கேட்டபோது “போய்ச் செய்யுங்கோ, ஒயிலை மட்டும் கிணத்தடிக்கு விடாதேங்கோ” என்றார். உழவு இயந்திரம் ஒன்றில் கயிறு கட்டி லொறியை இழுத்துப் போனோம். செயின் புளொக் கோப்பாயிலிருந்து வந்தது. உதவிக்கு வந்தவர் கோண்டாவில் சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற இரண்டு கை பக்கத்து வீட்டுப் பெடியன்களுடையது. நான் வெளிச்சம் பிடித்தேன்.

பாஸ் வந்ததும் சாவியைத் தொடவில்லை. லொறியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் வைக்கச் சொன்னார். தூக்கிய பிறகு சசியின் கீழ் பனங்குற்றி அடுக்கச் சொன்னார். “ஜக் தூக்கத்தான். தாங்க இல்லை” என்றார். இதைச் சொல்லாமல் நான் இந்தக் கட்டுரையை எழுதமாட்டேன். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழே படுக்கிறவனைக் கண்டால் கையைப் பிடித்து வெளியே இழுங்கள். ஜக்கின் ஒரு றப்பர் வளையம் சிதைந்தால் போதும். செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் அடுக்கித் தாங்கவைக்காதீர்கள். அவை சொல்லாமல் நொறுங்கும். மரக்குற்றி நெரிபடும்போது முனகும், வெளியே வர ஒரு கணம் தரும்.

பிறகு வேலை தொடங்கியது. புறொப்பெல்லர் தண்டைக் கழட்டமுன் இரண்டு தட்டிலும் சோக்கட்டியால் ஒரே கோடு. திரும்பப் பூட்டும்போது கோடு சேராவிட்டால் லொறி ஓட்டத்தில் நடுங்கும். கழட்டுகிற முறுக்காணிகள் இடவாரியாகச் சிரட்டைகளில். ஒவ்வொரு சிரட்டையிலும் எந்த இடம் என்று கரித்துண்டால் ஒரு குறி. கபினை முன்னால் சாய்த்து, உத்திரத்திலிருந்து சங்கிலியை இறக்கி, கியர்பொக்ஸைக் கட்டிப் பின்னுக்கு இழுத்தார்கள். ஒரு முழம் வந்ததும் தண்டு வழுக்கி வெளியே வந்தது. கிளச் பிளேற்றில் ஆணித்தலைகள் பளபளவென்று தெரிந்தன. அவ்வளவு தேய்வு.

கிளச் கழன்ற பிறகு இரண்டு சின்ன வேலை. எஞ்சின் தண்டின் நடுவே உட்கார்ந்திருக்கிற சிறு பெயறிங்கை எடுக்க அதற்கென்று ஓர் இழுவை ஆயுதம் வேண்டும். பாஸ் கிறீஸைக் குழைத்து அந்த ஓட்டைக்குள் நிரம்ப அடைத்தார். ஓட்டைக்குச் சரியான பருமனில் ஒரு இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். கிறீஸ் போக வழியில்லாமல் பெயறிங்கின் பின்பக்கத்தைத் தள்ளியது. ஐந்தாறு தட்டில் அது தானாக வெளியே வந்து விழுந்தது. பெடியன்கள் வாய் திறந்து பார்த்தார்கள். நீர்மத்தின் அமுக்கம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தான். புதுப் பிளேற்றை நடுவில் நேராக நிறுத்த ஒரு பொய்த்தண்டு தேவை. அது வேப்பமரத்தில் கடைந்தது, பாஸின் பையிலேயே இருந்தது. எத்தனை லொறிக்கு உதவியதோ, கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

வழிந்த ஒயிலை ஒரு தகரத்தில் பிடித்து மூடினார்கள். மில் முதலாளி சொன்னதற்காக மட்டுமில்லை. குடாநாட்டில் வற்றாமல் ஓடுகிற ஆறு இல்லை. குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் காலடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் நிற்கிற மழைத்தண்ணீர். மேலே ஊற்றியது கீழே போகும், ஒரு கிணற்றில் ஊற்றியது இன்னொரு கிணற்றில் வரும். சுன்னாகத்தில் மின்நிலையச் சூழலின் கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக எழுந்த வழக்கில், 2019 சித்திரையில் உயர்நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்த ஊர் அது. முற்றத்தில் ஒயில் மாற்றிவிட்டு வேலியோரம் ஊற்றுகிற பழக்கம் எங்கள் எல்லாரிடமும் இருந்தது. பெருமையாகச் சொல்கிற அந்தப் பழைய வீட்டுமுற்றத்துக் கராஜ்களின் மறுபக்கம் இது. அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஆகவேதான் எனக்கு ஒரு பொது இடம் வேண்டும் என்று தோன்றுகிறது. எண்ணெய் சிந்தினால் பிடிக்கிற கட்டுமானத்தோடு, ஊருக்கு ஒன்றாக. ஜேர்மனியில் வாழும் எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். அங்கே சுயஉதவிப் பட்டறைகள் இருக்கின்றன. மணிக்கணக்கில் காசு கட்டி, வாகனத்தைத் தூக்கும் மேடையையும் ஆயுதங்களையும் வாடகைக்கு எடுத்து, தன் காரைத் தானே திருத்தலாம். தெரியாததைக் கேட்க ஒரு மெக்கானிக் பக்கத்தில் நிற்பார். கழிவு ஒயிலுக்குத் தனித் தாங்கி இருக்கும்.

எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஆபிரிக்காவில். கானா நாட்டின் குமாசி நகரத்தில் சுவாமே என்கிற பகுதி முழுக்கச் சின்னச் சின்ன வாகனப் பட்டறைகள். தகரக் கொட்டில்களில் ஆயிரக்கணக்கான கைவினைஞர்கள், மேற்கு ஆபிரிக்காவின் பழைய லொறிகள் அங்கே உயிர்பெறுகின்றன. குமாசிப் பல்கலைக்கழகம் அவர்களைத் தன் வளவுக்கு வரச்சொல்லவில்லை. 1980இல் அவர்களுடைய கொட்டில்களுக்கு நடுவிலேயே ஒரு தொழில்நுட்ப நிலையத்தைத் திறந்து, கடைசல் இயந்திரத்தையும் வார்ப்பு வேலையையும் கொண்டுபோய்ப் பழக்கியது. தமிழ்நாட்டில் நாமக்கல்லைப் பாருங்கள். லொறி உடல் கட்டுவது ஓர் ஊரின் தொழிலாகி, தச்சரும் கொல்லரும் வர்ணம் பூசுகிறவரும் ஒருவரை ஒருவர் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டார்கள். கூப்பிடு தூரம் என்பதே அந்தத் தொழிலின் முதல்.

எங்களிடமும் எல்லாம் இருக்கிறது, சிதறி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் தொடங்கியது. அதே அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். அங்கே படிக்கிற பெடியன்களுக்கு ஒரு பழைய ஒஸ்ரினின் கார்பரேற்றரைக் கழட்டிக் காட்ட, எங்கள் பாஸ் போன்றவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பாஸ் போன்றவர்களுக்கோ, இன்றைய வாகனத்தின் கணினிப் பெட்டியை வாசித்துக் காட்ட அந்தப் பெடியன்களை விட்டால் ஆள் இல்லை. இரண்டு பேரும் சந்திக்கிற ஒரு தரை வேண்டும்.

தரைக்கும் பஞ்சமில்லை. ஊருக்கு ஊர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. ஒரு காலத்தில் அரிசியும் சீனியும் அடுக்கிய சங்கக் களஞ்சியங்களில் பாவனை குறைந்து கிடப்பவற்றை நானே பார்த்திருக்கிறேன். கெட்டியான தரை, உயர்ந்த கூரை, லொறி உள்ளே வரும் அகலக் கதவு. ஒன்றை எடுத்து, ஒரு உத்திரமும் செயின் புளொக்கும் போட்டு, தண்ணீர் ஊறாத கட்டுக்குழி ஒன்று கட்டி, கழிவு ஒயிலுக்கு மூடிய தாங்கி வைத்து, ஓய்வுபெற்ற ஒருவரைச் சிறு வேதனத்தில் அமர்த்தினால் போதும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை இலவசம். இது பெரிய கனவில்லை. மூளாய் மக்கள் 1930களில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே கட்டி எழுப்பினார்கள். அரசாங்கம் வந்து கட்டித் தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நோயாளிக்குச் செய்ததை லொறிக்குச் செய்ய எங்களால் முடியாதா?

கராஜ்காரர்களின் வயிற்றில் இது அடிக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. தானே திருத்துகிறவர் கடைசல்காரரிடம் போகிறார், ஒட்டு வேலைக்காரரிடம் போகிறார், உதிரிப்பாகக் கடைக்குப் போகிறார். தன்னால் முடியாத இடம் எது என்று அறிந்துதான் கராஜுக்கும் போகிறார். தன் எஞ்சினை ஒருமுறை கழட்டிப் பார்த்தவர்தான் மெக்கானிக்கின் கூலியில் பேரம் பேசாதவர். அந்த வேலையின் பாரம் அவருடைய தோளுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பொழுதுபட்ட பிறகும் வேலை நடந்தது. மின்குமிழின் கீழே பூச்சி மொய்த்தது. கியர்பொக்ஸைத் திரும்ப ஏற்றுவதுதான் கடினம். தண்டு புதுப் பிளேற்றின் பற்களுக்குள் நேராகப் போகவேண்டும். இரண்டு தடவை முட்டிக்கொண்டு நின்றது. மூன்றாவது தடவை பாஸ் ஒரு பெடியனைக் கூப்பிட்டு, தண்டைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னார். “கண்ணாலை பாக்காதை. கையாலை கேள்” என்றார். பெடியன் கண்ணை மூடினான். எங்கேயோ ஓரிடத்தில் பல் பல்லோடு சேர்ந்து, அந்தப் பாரம் முழுவதும் ‘கிளக்’ என்று உள்ளே போனது. அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

ஒன்பது மணிக்கு லொறி தன் காலில் வெளியே வந்தது. சொந்தக்காரர் கொட்டகைத் தரையைச் சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினார். சிரட்டைகளில் ஒன்றில் ஒரு வொசர் மிஞ்சியிருந்தது. பாஸ் அது எங்கேயது என்று பார்க்காமல் விடவில்லை. அரை மணிநேரம் தேடி, பழைய பெயறிங் பெட்டியோடு வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் தேத்தண்ணியைத் தொட்டார்.

அந்த நேரம் பார்த்து கோப்பாயிலிருந்து ஒரு பெடியன் சைக்கிளில் வந்து நின்றான். செயின் புளொக் வீட்டுக்காரரின் மகன்.

“அப்பா கேட்டவர், முடிஞ்சுதோ எண்டு. கைதடியிலை ஒராள் எஞ்சின் இறக்கப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

சங்கிலியைச் சாக்கில் சுற்றி லொறியின் பின்னால் ஏற்றினார்கள். சைக்கிளையும் மேலே போட்டு, பெடியனை முன்சீற்றில் இருத்திக்கொண்டு, புதுக் கிளச்சை மெல்லப் பழக்கியபடி லொறி கைதடிக்குப் போனது.